ஆடம்பரம் பயிற்சியில் இல்லை, கட்டணத்தில் இருக்கிறது

பிலாட்டீஸ் வகுப்புக்குச் செல்லும் ஆய்வாளரைக் கண்டால் நம் அறிவுலகில் ஓர் ஏளனப் புன்னகை எழுகிறது. ‘உயர்நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு’ என்ற தீர்ப்பும் உடனே வருகிறது. தீர்ப்பளிப்போரில் பலர் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் அதை அளிக்கிறார்கள். முற்போக்கின் உடையில் வரும் இந்த ஏளனம், உரிமைக் கோரிக்கையாக எழவேண்டிய ஒன்றைக் கேலிப்பொருளாக்கி மறைத்துவிடுகிறது.

முதலில் வரலாறு. ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் இருந்த அவர், எதிரிநாட்டவர் என்பதால் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே சக கைதிகளுக்கு உடற்பயிற்சி கற்பித்தார். 1926இல் நியூயார்க்குக்குக் குடியேறி அங்கே கூடம் நடத்தினார். தம் முறைக்கு அவர் சூட்டிய பெயர் ‘கன்ட்ராலஜி’. மக்கள் வழக்கு அதனை ஏற்கவில்லை. ஆசிரியரின் பெயரே பயிற்சியின் பெயராயிற்று. அப்பெயரை வணிக முத்திரையாக உரிமை கொண்டாடிய வழக்கில், அது பொதுச்சொல்லே என்று 2000ஆம் ஆண்டு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மொழியியல் பயின்றோர்க்கு இதில் வியப்பேதும் இல்லை. முகாமில் அடைபட்டோரிடையே பயிலப்பட்டு, நீதிமன்றத்தால் பொதுவுடைமையாக அறிவிக்கப்பட்ட ஒன்றைச் செல்வந்தருக்கே எழுதிக்கொடுக்க நாம் ஏன் இத்தனை ஆர்வம் காட்டுகிறோம்?

‘யோகா இருக்கையில் இது எதற்கு?’ என்பது அடுத்த வாதம். பெயரில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்குப் பிலாட்டீஸ் ஓரளவு பயன்தரலாம், ஆயினும் பிற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றே கூறுகிறது. என் வாதம் கற்பிக்கும் முறையைப் பற்றியது. ஹைதராபாத்தில் நான் செல்லும் கூடத்தில் ஒரு வகுப்புக்கு ஆறு பேர்தான். ‘இடுப்பை அசைக்காமல் காலை உயர்த்துங்கள்’ என்ற ஒரே தொடர் ஆறு உடல்களில் ஆறு பொருள் கொள்கிறது. ஒருவருக்குத் தோள் இறுகுகிறது, இன்னொருவருக்கு மூச்சு நின்றுவிடுகிறது. பயிற்றுநர் அதைக் கண்டு, ஒவ்வொருவருக்கும் வேறு சொற்களில் திருத்துகிறார். ஜூன் 21 அன்று மைதானம் நிறையப் பாய்விரித்து நிழற்படம் எடுத்துக்கொள்வதில் இந்தக் கவனிப்புக்கு இடமில்லை. அதை யோகா என்று அழைப்பது யோகாவுக்கும் அநீதி.

ஆக, எதிர்க்கப்பட வேண்டியது எது? அந்தக் கூடத்தில் மாதம் எட்டு வகுப்புகளுக்குக் கட்டணம் 4,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நெட் உதவித்தொகை இல்லாது மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர் பெறுவதோ 8,000. அவருடைய வருவாயில் சரிபாதியை இந்தக் கட்டணமே விழுங்கிவிடும். நான் வகுப்புக்குச் செல்ல முடிவது உதவித்தொகையால். அதே நூலகத்தின் அதே வகை நாற்காலியில் அதே எட்டு மணிநேரம் அமரும் தோழியால் செல்ல முடியாததும் உதவித்தொகையால்தான். முதுகெலும்பு மட்டும் தேர்வு மதிப்பெண் பார்த்து வலிப்பதில்லை.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. சுருள்வில் பொருத்திய கருவிகள் இல்லாமலே தரைப் பயிற்சிகளை முழுமையாகக் கற்பிக்கலாம். காற்றோட்டமான ஓர் அறை, பத்துப் பாய்கள், தகுதியும் முறையான ஊதியமும் உள்ள ஒரு பயிற்றுநர், சிறு குழுக்களுக்கான கால அட்டவணை ஆகியவை போதும். ‘மனநலமும் உடல்நலமும்’ என்று குளிரூட்டிய அரங்கில் மூன்று மணிநேரம் நம்மை நாற்காலியில் உட்காரவைத்து நடத்தும் சொற்பொழிவுகளின் செலவில் ஒரு பகுதியே இதற்குப் போதுமானதாக இருக்கும்.

எனவே தோழர்களே, வகுப்புக்குச் செல்பவரைப் பார்த்து நகைப்பதை நிறுத்துவோம். ஆய்வாளர் மன்றத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில், உதவித்தொகை உயர்வுக்கும் விடுதி உணவுக்கும் அடுத்த வரியாக இதனையும் எழுதுவோம்.