வைரத்தின் விலையும் பெறுமதியும்

வைரம் விலையுயர்ந்ததாயிருப்பது ஏன் என வினவினால், அஃது அரிதிற் கிடைப்பதனால் என்பர் பலர். வணிகரோ நிறை, நிறம், தெளிவு, பட்டை தீட்டிய திறம் என்னும் நான்கினையும் எடுத்துரைப்பர். இவை பொய்யல்ல. ஆயின், ஒரு வைரத்துக்கும் மற்றொரு வைரத்துக்குமிடையேயுள்ள விலை வேற்றுமையையே இந்நான்கும் விளக்கும். வைரம் என்னும் இனமே உயர்விலை பெற்ற காரணத்தை விளக்கமாட்டா.

அருமையே காரணமெனின், தென்னாபிரிக்காவின் வரலாறு அதனை மறுக்கின்றது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கிம்பர்லிச் சுரங்கங்களிலிருந்து வைரம் மிகுதியாக வெளிவந்தது. அவ்வாறே பெருகியிருப்பின் விலை சரிந்திருக்கும். 1888 ஆம் ஆண்டில் சிசில் றோட்ஸ் டி பியர்ஸ் கம்பனியை நிறுவி, அச்சுரங்கங்களை ஒரு கைக்குட் கொணர்ந்தார். 20 ஆம் நூற்றாண்டில், உலக வைரத்தின் பெரும்பகுதி அக்கம்பனியின் வழியாகவே சந்தைக்குச் சென்றது. தேவை குன்றிய காலங்களிற் கற்கள் பெட்டகத்துள் உறங்கின. மண் தந்த அருமையைப் பூட்டு மிகுவித்தது. 2000 ஆம் ஆண்டளவிலேயே கம்பனி இக்காவலைக் கைவிட்டது.

பூட்டு மட்டும் போதுமோ? வாங்குவோர் உள்ளத்தில் ஆசையும் எழவேண்டும். 1947 ஆம் ஆண்டில், அமெரிக்க விளம்பர நிறுவனமொன்றிற் பணியாற்றிய பிரான்சிஸ் ஜெரட்டி என்னும் பெண்மணி, வைரம் என்றென்றைக்கும் உரியது எனப் பொருள்படும் வாசகமொன்றை டி பியர்சுக்காக எழுதினார். கல் காதலுக்கு அடையாளமாயிற்று. என்றென்றைக்கும் உரியதை எவர்தாம் விற்பர்? வாங்கிய கற்கள் சந்தைக்குத் திரும்பாமையும் விலையைத் தாங்கிற்று. விற்க முனைந்தோரோ, கொடுத்த விலையிற் பெரும்பகுதி மீளாமையைக் கண்டனர்.

இன்று இவ்விலைக்குச் சோதனை வந்துள்ளது. 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் ஆய்வுகூடத்திற் செயற்கை வைரம் ஆக்கப்பட்டது. அன்று அது தொழிற் கருவிகளுக்கே பயன்பட்டது. இன்றோ அணிகலனுக்கும் வருகின்றது. அதுவும் காபன், அகழ்ந்தெடுத்ததும் காபன். கருவியின்றி இரண்டையும் பிரித்தறிதல் இயலாது. ஆயினும் விலையில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை. கல்லின் இயல்பே விலையை வகுப்பதாயின் இவ்வேற்றுமை எங்ஙனம் எழும்?

வைரத்தின் எழில் மெய்யே. அதனை அணிவதும் குற்றமன்று. ஆயின், கல்லின் விலைகொண்டு அன்பை அளப்பதும், அதன்பொருட்டுக் கடன்படுவதும் அறிவுடைமையாகா. விலையைச் சந்தை வகுக்கலாம். பெறுமதியை வகுக்கும் உரிமையை நாம் அதனிடம் ஒப்படைத்தல் வேண்டியதில்லை.