சருகை எரிப்பவர் யார்?

வேம்பு இலையுதிர்க்கும் காலம் வந்தால் தலைநகர் தில்லியில் ஆண்டுதோறும் ஒரே காட்சிதான். பூங்காவின் மூலையில் சருகுக் குவியல் புகைகிறது. அருகே துடைப்பத்துடன் நிற்கும் ஒப்பந்தத் தோட்டக்காரர் குற்றவாளியாக்கப்படுகிறார்.

திறந்தவெளியில் இலையும் குப்பையும் எரிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தில்லியில் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2016 டிசம்பரில் தடை நாடு முழுமைக்கும் விரிந்தது. தடை நியாயமானதே. அப்புகையை முதலில் சுவாசிப்பவரும் அத்தொழிலாளிதான். ஆனால், எரிக்காத சருகை அவர் எங்கே கொண்டுசெல்வார்?

2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவைத் தனியே சேமித்து முறைப்படி அகற்றும் பொறுப்பை அக்கழிவை உருவாக்குவோர் மீதே சுமத்தின. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிறுவன வளாகங்கள் மக்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றன. நடைமுறை என்ன? நிர்வாகம் குழிக்கு இடம் தருவதில்லை. ஒப்பந்ததாரர் வண்டிக்கூலி தருவதில்லை. மாலைக்குள் புல்தரை பளிச்சென்றிருக்க வேண்டும் என்ற கட்டளை மட்டும் உண்டு. மிஞ்சுவது தீக்குச்சி. மிச்சப்பட்ட செலவு ஒப்பந்ததாரரின் லாபம், அவப்பெயர் கூலியாளுக்கு.

எரியாத சருகு குப்பை மலைக்குப் போகிறது. 1984இல் தொடங்கப்பட்ட காஜிப்பூர் கிடங்கு 2002இலேயே நிரம்பிவிட்டது; 2017 செப்டம்பரில் சரிந்து இருவரைப் பலிகொண்டது. அங்கே காற்றுப் புகாமல் அழுகும் கழிவு மீத்தேனாகி நெருப்புக்கு இரையாகிறது. மண்ணின் சத்து மண்ணுக்குத் திரும்பாத நிலையை முதலாளித்துவ வேளாண்மையின் கேடாக மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் சுட்டிக்காட்டினார். நகரப் பூங்காவிலும் அதே கேடுதான்: சருகை வெளியேற்றிவிட்டு எருவை விலைக்கு வாங்குகிறோம்.

இது வசதிபடைத்த குடியிருப்போரின் கவலை என்று நம் தோழர்களில் சிலர் ஒதுக்குவது தவறு. இது கூலி, வேலைநேரம், நுரையீரல் பற்றிய தொழிலாளர் பிரச்சினை. ஒவ்வொரு பூங்காவிலும் உரக்குழியும் இலை அரைக்கும் இயந்திரமும் வேண்டும். ஒப்பந்தத்திலேயே கழிவகற்றும் செலவு தனியே ஒதுக்கப்பட வேண்டும். உரம் தயாரிக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். விதி மீறப்பட்டால் அபராதத்தை நிர்வாகமும் ஒப்பந்ததாரரும் செலுத்த வேண்டும். அதைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது.

இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கம் எழுப்பாவிட்டால், அடுத்த இலையுதிர்காலத்திலும் துடைப்பம் பிடித்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்பார்.