குழந்தைகள் காணாமல் போவதில்லை

வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சிறு குழந்தை மறைந்துவிட்டால், முதல் மணி நேரத்திலேயே அந்த நிகழ்வுக்கு இரண்டு பெயர்கள் சூட்டப்பட்டுவிடுகின்றன. காவல் நிலையம் ‘காணவில்லை’ என்று எழுதிக்கொள்கிறது. ஊர் ‘பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிட்டான்’ என்கிறது. முதற்பெயர் எவரையும் தேடச் சொல்வதில்லை. இரண்டாவது பெயர் தவறானவரைத் தேடச் சொல்கிறது. குழந்தைக்கு மிக அருகில் இருக்கும் மனிதரைச் சுட்ட இவ்விரண்டிலும் இடமில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த வெற்றிடத்தின் விலை என்னவென்று தெரியும்.

2019 நவம்பரில், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகே, பெற்றோருடன் திருமணத்துக்கு வந்திருந்த ஐந்து வயதுச் சிறுமி இரவில் மண்டபத்திலிருந்து மறைந்தாள். மறுநாள் உடல் கிடைத்தது. கைதானவர் எங்கிருந்தோ வந்த கும்பலைச் சேர்ந்தவரல்லர்; அதே வட்டாரத்து லாரி ஓட்டுநர். 2020 பிப்ரவரியில் சித்தூர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 2024 செப்டம்பர் 29 அன்று புங்கனூரில் ஒரு சிறுமி வீட்டருகிலிருந்து மறைந்தாள். அக்டோபர் 2 அன்று ஊரின் குடிநீர்த் தேக்கத்தில் உடல் மீட்கப்பட்டது. கடன் தகராற்றின் பின்னணியில், குடும்பத்துக்கு அறிமுகமானவர்களே கைது செய்யப்பட்டதாகக் காவல்துறை அறிவித்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் திருப்பதி மாவட்டம் வடமாலப்பேட்டை மண்டலத்துக் கிராமமொன்றில், நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தை கொல்லப்பட்டது. தின்பண்டம் வாங்கித் தருவதாக அழைத்துச் சென்றார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞரும் அந்தக் குடும்பம் அறிந்தவர்தான்.

இவற்றோடு இன்னொரு நிகழ்வையும் சேர்த்தே வைக்க வேண்டும். 2018 மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகிலுள்ள அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர்கள் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் சூழ்ந்து அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். அதே வாரங்களில் குடியாத்தம் அருகிலும் பழவேற்காட்டிலும் அறிமுகமற்ற மனிதர்கள் இதே சந்தேகத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் கைப்பேசிகளில் சுற்றிய காணொளி, குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காகப் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட குறும்படத்தின் வெட்டப்பட்ட துண்டு. படத்தின் முடிவில் இருந்த விழிப்புணர்வுச் செய்தி நீக்கப்பட்டு, கடத்தல் காட்சி மட்டும் உண்மைபோல் உலவியது.

அத்திமூரில் அந்நியர் கொடுத்த தின்பண்டம் கொலைக்குக் காரணமானது. வடமாலப்பேட்டையில் அறிந்தவர் காட்டிய தின்பண்டம் எவருக்கும் சந்தேகத்தைத் தரவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளோ, போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு அறிமுகமானவர் என்று ஆண்டுதோறும் சொல்லிவருகின்றன. இந்தச் செய்தி மாநாட்டுக் கட்டுரைகளில் மேற்கோளாகிறதே தவிர, ஊர் தேடும் முறையை அது இன்னும் மாற்றவில்லை. வயல்வெளியிலும் பேருந்து நிலையத்திலும் தேடுகிறவர்கள் பக்கத்துத் தெருக் கதவைத் தட்டக் கூசுகிறார்கள். தட்டினால் உறவு முறியும், சாதிக்குள் பகை மூளும் என்ற அச்சம். அந்நியரை அடிப்பதற்கு அத்தகைய விலை எதுவும் இல்லை.

இந்த மனநிலைக்கு மொழி எவ்வாறு துணைபோகிறது என்பதை மொழி பயில்வோர் கவனிக்க வேண்டும். ‘காணாமல் போனாள்’ என்பதில் எழுவாய் குழந்தை. ‘போ’ என்னும் துணைவினை, உடைந்துபோயிற்று, கெட்டுப்போயிற்று என்பவற்றில் போல, விரும்பத்தகாத மாற்றமொன்று தானாக நேர்ந்ததைக் குறிக்கிறது. செய்தவர் எவர் என்ற வினாவுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. எல்லையோரச் சிற்றூர்களில் இதனோடு பேசப்படும் தெலுங்கில் நிலை இன்னும் விந்தையானது. அங்கே குழந்தை ‘தப்பிப்போயிந்தி’. தெலுங்கில் அதற்கு வழிதவறித் தொலைந்தது என்பது பொருள். தமிழ்க்காதுக்கோ அது தப்பித்து ஓடியது என்றே ஒலிக்கும். ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரு சொற்களும் வினையைக் குழந்தையின் தலையில் சுமத்துவதில் மட்டும் ஒன்றுபடுகின்றன.

வழக்குப் பேச்சில் இது தவறன்று. எந்தத் தாயும் இலக்கணம் பார்த்து அழுவதில்லை. ஆனால் அந்தப் பேச்சு அப்படியே அரசு ஆவணமாகும்போது விளைவு வேறு. ‘கேர்ள் மிஸ்ஸிங்’, ‘மேன் மிஸ்ஸிங்’ என்று தலைப்பிடப்பட்டு முதல் தகவல் அறிக்கைகள் பதிவாகும் வழக்கம் உண்டு. அது ஒரு தலைப்பு மட்டுமே, குற்றப்பிரிவு அன்று. குற்றம் இல்லாத இடத்தில் குற்றவாளி இருப்பதில்லை. குற்றவாளி இல்லாதபோது விசாரிக்கப்பட வேண்டியவரும் இருப்பதில்லை. தேடுதல் என்பது சுவரொட்டி ஒட்டுவதாகவும் காத்திருப்பதாகவும் சுருங்கிவிடுகிறது.

சட்டம் இந்த இலக்கணத்தை எப்போதோ திருத்திவிட்டது. 2013 மே 10 அன்று பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக ஆணையிட்டது: குழந்தை மறைந்ததாக வரும் ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், புலனாய்வில் வேறாக மெய்ப்பிக்கப்படும்வரை, அது கடத்தல் அல்லது மனித வணிகம் என்றே முதலில் கருதப்பட வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 12 அன்று, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான ஐவர் அமர்வு லலிதா குமாரி வழக்கில் முதல் தகவல் அறிக்கையைக் கட்டாயமாக்கியது. அந்தப் புகழ்பெற்ற தீர்ப்பின் தொடக்கமும் கடத்தப்பட்ட ஒரு சிறுமிதான். 2008இல் அவளுடைய தந்தை எழுத்து மூலம் கொடுத்த புகாரின் மேல் காவல் நிலையம் நடவடிக்கை எடுக்கவில்லை. சட்ட வகுப்புகளில் அந்தத் தீர்ப்பு நடைமுறை விதியாகப் பயிலப்படுகிறது. அதனுள் இருக்கும் சிறுமி எவருடைய நினைவிலும் இல்லை.

விதி மாறியும் பழக்கம் ஏன் மாறவில்லை? கணக்கெடுப்பு முறையும் ஒரு காரணம். 2022இல் இந்தியாவில் 83,350 குழந்தைகள் மறைந்ததாகப் பதிவாயிற்று. அவர்களில் 62,946 பேர் பெண் குழந்தைகள். பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவரும் இந்த எண்ணிக்கைக்குள் வருகிறார்கள். வீட்டில் திருமணத்துக்கு வற்புறுத்தியதால் வெளியேறிய பதினேழு வயதுப் பெண்ணும், திண்ணையில் மண்ணளைந்த மூன்று வயதுக் குழந்தையும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். வளர்ந்தவர்களைப் பற்றி உருவான ‘இரண்டு நாளில் தானே வந்துவிடுவாள்’ என்ற காவல் நிலைய அனுபவமொழி, தெருமுனைவரைகூடத் தனியே நடக்கத் தெரியாத குழந்தைமீதும் பாய்கிறது. அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கே அது அநீதி. மூன்று வயதுக் குழந்தைக்கு அது மரணமாகலாம்.

நொய்டாவின் நிதாரியில் இந்த அனுபவமொழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாடு கண்டது. ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகளைக் காணவில்லை என்று மீண்டும் மீண்டும் முறையிட்டும் எவரும் அசையவில்லை. 2006 டிசம்பரில் ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், புலனாய்வின் சீர்கேட்டைக் கடுமையாகக் கண்டித்து, மரண தண்டனை பெற்றிருந்த இருவரையும் விடுவித்தது. முதல் நாட்களில் திரட்டப்படாத சான்றுகளை எந்த நீதிமன்றத்தாலும் பின்னர் உருவாக்கித் தர இயலாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. கிராமத்துக் குழந்தைகள் பலர் கிணற்றிலும் குட்டையிலும் தவறி விழுந்தே இறக்கிறார்கள். ஒவ்வொரு புகாரையும் கடத்தலாகக் கருதினால் ஊரே சந்தேகத்தில் பிளவுபடாதா என்பது அந்த மறுப்பு. இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எவர் சொன்னது? 2025 மே 2 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், காடு சூழ்ந்த கிராமப்புற வீடொன்றிலிருந்து இரு சிறு குழந்தைகள் மறைந்ததாகத் தகவல் வந்தது. ஹெலிகாப்டர், ட்ரோன், மோப்ப நாய், பெருந்திரளான தன்னார்வலர்கள் என்று காடு சல்லடையாகத் துழாவப்பட்டது. அதனோடு குற்றப் புலனாய்வும் நடந்தது. துப்புத் தருவோர்க்கு 1,50,000 டாலர் வரை வெகுமதி அறிவிக்கப்பட்டும் மாதங்கள் விடையின்றிக் கழிந்தன. வசதிகள் மிகுந்த நாட்டிலேயே விடை உறுதியில்லை என்றால், வசதி குறைந்த ஊரில் முதல் மணி நேரத்தை வீணாக்க எவருக்கும் உரிமையில்லை. கிணற்றில் இறங்குவோர் இறங்கட்டும்; அதே வேளையில் காவலர் கதவுகளைத் தட்டட்டும். பொறுப்புள்ள அதிகாரி எல்லா வீட்டையும் ஒரே விதமாக விசாரித்தால் ஊர் பிளவுபடாது. விசாரணை இல்லாத வெற்றிடத்தில் வதந்தி புகும்போதுதான் பிளவுபடும்.

வேகமாகச் செயற்பட இயலாது என்ற சாக்கும் திருப்பதியில் செல்லாது. 2023 ஆகஸ்ட் 11 இரவு அலிபிரி நடைபாதையில் பெற்றோருடன் சென்ற சிறுமி மறைந்தாள். மறுநாள் உடல் கிடைத்தது. சிறுத்தை தாக்கியிருந்தது. சில நாட்களுக்குள் விதிகள் வந்தன. பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிற்பகல் 2 மணிக்குமேல் நடைபாதையில் அனுமதிக்கப்படவில்லை. பக்தர்களுக்குக் கைத்தடி வழங்கப்பட்டது. கூண்டுகள் வைத்துச் சிறுத்தைகள் பிடிக்கப்பட்டன. கைத்தடியைப் பலர் கேலி செய்தனர். எனினும் ஒரு குழந்தையின் சாவு நிர்வாக விதிகளை உடனே மாற்ற முடியும் என்பதை அது காட்டியது. கொன்றது விலங்காயின் விதி மாறுகிறது. மனிதனாயின் இரங்கல் அறிக்கை, இழப்பீடு, விரைவு நீதிமன்ற வாக்குறுதி என்பவற்றோடு முடிகிறது. தேடும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தை மொழிவாரிப் பிரிவினை அறுத்தது; 1960இல் திருத்தணி இப்பக்கம் வந்தது, திருப்பதி அப்பக்கம் நின்றது. நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. குப்பத்திலிருந்து வேறு இரண்டு மாநிலங்களுக்குள் நுழையலாம். குழந்தையை வண்டியில் ஏற்றிய ஒருவருக்கு எல்லை சில நிமிடத் தொலைவு. புகாருக்கோ அது இரண்டு காவல்துறைகள், இரண்டு எழுத்துமுறைகள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்ற பெயர் செய்தித்தாளில் வந்துவிட்டது. நள்ளிரவில் தமிழ் மட்டும் அறிந்த பாட்டி ஆந்திரக் காவல் நிலையத்தின் படியேறும்போது அது அவருக்குப் புரியும் சொல்லாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இலங்கைத் தமிழ்த் தாய்மார்கள் இந்த மொழிச் சிக்கலை ஏற்கெனவே தீர்த்துவைத்திருக்கிறார்கள். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தவர்கள் தம் பிள்ளைகளைக் ‘காணாமல் போனோர்’ என்று சொல்ல மறுத்தார்கள். ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். அங்கே குற்றச்சாட்டு அரசின் மீது, சூழல் போர். சித்தூரின் நிலை அதுவன்று. ஆயினும் அவர்கள் செய்த இலக்கண மாற்றம் இங்கும் பொருந்தும். தன்வினை பிறவினையானதும், ‘ஆக்கியது யார்’ என்று எவரும் கேட்டாக வேண்டியதாகிறது. எந்தத் துறையும் எந்த நிகண்டும் அவர்களுக்கு அதைக் கற்றுத் தரவில்லை.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மறைந்தால் ‘மிஸ்ஸிங்’ என்ற தலைப்பே கூடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவின்கீழ்க் கடத்தலாகப் பதிந்துவிட்டே தேட வேண்டும். முதல் மணி நேரத் தேடல் நீர்நிலையிலும் அண்டை வீடுகளிலும் ஒருசேரத் தொடங்க வேண்டும். எல்லை மண்டலங்களில் புகார்ப் படிவமும் அறிவிப்பும் இரு மொழிகளில் இருக்க வேண்டும். அறிவிப்பு அதே மணி நேரத்தில் எல்லைக்கு அப்பாலுள்ள நிலையத்தையும் அடைய வேண்டும். அந்நியரின் படத்தைப் பரப்புவோர் மீது வழக்குப் பதிய வேண்டும்.

இவற்றில் ஒன்று நேரடியாகக் கல்விப்புலத்தின் கடமை. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997இல் நிறுவப்பட்டதே தென்னிந்திய மொழிகளை இணைக்கும் நோக்கில்தான். திருப்பதியிலும் சென்னையிலும் மொழியியலாளர்களுக்குக் குறைவில்லை. தெலுங்கும் தமிழும் ஒருங்கே பேசும் சிற்றூரின் தாய் சொல்வதை, சொன்ன மொழியிலேயே, செய்தவரை மறைக்காத வாக்கியத்தில் எழுதிக்கொள்ளும் ஒரு பக்கப் படிவம் அவர்களால் ஒரு பருவத்துக்குள் ஆக்க இயலாததன்று. அதற்கு ஆய்வு நிதி தேவையில்லை. காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் கதவைத் தட்டும் முனைப்பு இருந்தால் போதும்.