கேட்க மறந்த குரல்!

பிரிந்துவிட்ட பெற்றோரில் யாரிடம் குழந்தை வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் நீதிமன்றம், விவரம் அறிந்த வயதுடையதாக இருந்தால் அந்தக் குழந்தையின் விருப்பத்தையும் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். பாலியல் கொடுமைக்கு உள்ளான குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல்துறை அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கப்படும் குழந்தைக்கு 7 வயது நிறைந்திருந்தால், பெற்றோரின் ஒப்புதலுடன் குழந்தையின் இசைவையும் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன.

நீதிமன்றத்திலும் ஆய்வுக்கூடத்திலும் மதிக்கப்படும் குழந்தையின் குரல், நோய்ப் படுக்கையில் மட்டும் கேட்கப்படாமல் போவது விந்தையிலும் விந்தை. ரத்தப் புற்றுநோய்க்கோ சிறுநீரகச் செயலிழப்புக்கோ மாதக்கணக்கில் சிகிச்சை பெறும் சிறுவனிடம், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வதுகூடப் பல மருத்துவமனைகளில் வழக்கமில்லை. மருத்துவர் பெற்றோரிடம் பேசுகிறார், பெற்றோர் கையெழுத்திடுகின்றனர், குழந்தை ஊசியைப் பெற்றுக்கொள்கிறது.

இதைப் பெற்றோரின் குறை என்று தள்ளிவிட முடியாது. உண்மையை மறைத்தால் குழந்தை நிம்மதியாக இருக்கும் என்று அவர்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை பாசத்தில் விளைந்தது. ஆனால், அது சரியல்ல என்பதை மானுடவியலாளர் மைரா புளூபாண்ட் லாங்னரின் ஆய்வு 1978-லேயே எடுத்துக்காட்டியது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த 3 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளை அவர் கவனித்தார். யாரும் சொல்லாமலேயே தங்கள் நிலையை அக்குழந்தைகள் உணர்ந்திருந்தனர். பெற்றோர் வருந்துவார்களே என்று தெரியாதவர்களைப்போல நடந்துகொண்டனர். பெரியவர்கள் குழந்தையைக் காப்பதாக நினைக்க, உண்மையில் குழந்தைதான் பெரியவர்களைக் காத்துக்கொண்டிருந்தது.

குழந்தை சொல்வதைக் கேட்பது வெறும் கருணை சார்ந்த விஷயமல்ல. சிகிச்சையின் வெற்றியும் அதில் அடங்கியிருக்கிறது. ஊசிக்குப் பயந்து வலியை மறைக்கும் குழந்தையின் நோய்க்குறி மருத்துவருக்குத் தெரியாமலேயே போகக்கூடும். என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்ட குழந்தை, சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறது. வசதி படைத்த நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைய, ஏழை நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக அளவில் இதை 2030-க்குள் 60 சதவீதமாக உயர்த்த 2018-இல் இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. மருந்தும் கருவியும் மட்டுமே இந்த இடைவெளியை அடைத்துவிட மாட்டா.

கேட்க முனைந்த ஒருவரால் மருத்துவ உலகையே மாற்ற முடியும் என்பதற்கு, இந்தூரில் மருத்துவம் பயின்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் சான்று. பச்சிளம் குழந்தைகளுக்கு வலியை உணரும் பக்குவமில்லை என்று கருதி, 1980-களின் நடுப்பகுதி வரை மிகக் குறைந்த மயக்க மருந்துடன் அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் வழக்கம் மேலை நாடுகளிலேயே இருந்தது. ஆக்ஸ்போர்டில் இளம் ஆய்வாளராக இருந்த ஆனந்த், அறுவைச் சிகிச்சையின்போது குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏற்படும் மாற்றங்களை அளந்தார். போதிய வலி மருந்து பெற்ற குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் நன்றாகத் தேறியதை 1987-இல் வெளியான அவரது ஆய்வு நிறுவியது. அதன்பின் நடைமுறை மாறியது. பேச்சே வராத சிசுவின் குரலைக் கேட்க அவருக்குப் பெரும் பதவி தேவைப்படவில்லை. தலைமைப் பண்பு என்பது இதுதான்.

குழந்தையைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும், அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று கூறும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. வலி நிவாரண மருந்தான மார்ஃபின் எளிதில் கிடைக்க, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. நோயாளியுடன் உரையாடும் முறையும் மருத்துவ அறநெறியும் 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டன. ஆகவே, சட்டமோ கொள்கையோ இல்லை என்பதல்ல பிரச்னை. துறைத் தலைவர் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் கட்டிலைக் கடந்து போனால், பயிற்சி மருத்துவர் அதையே கற்றுக்கொள்வார். பாடப் புத்தகம் அங்கே தோற்றுவிடுகிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தலைநகரின் அரசு மருத்துவமனைகளுக்குக் குழந்தைகளைத் தூக்கிவரும் கூட்டம் அத்தகையது. மைதிலியும் போஜ்புரியும் பேசும் குழந்தைக்கு மருத்துவரின் மொழியே புரிவதில்லை. ஆனால், அதிக நேரம் குழந்தையுடன் இருப்பவர் செவிலியர். குழந்தை என்ன கேட்டது, எதற்கு அஞ்சியது, எங்கே வலிக்கிறது என்றது என்பதை அவர் பதிவு செய்ய நோயாளிக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவதற்குப் பெரிய செலவாகாது. காலைச் சுற்றின்போது அந்தப் பக்கத்தை முதலில் படிக்கும் துறைத் தலைவர், தனது பிரிவின் போக்கையே மாற்றிவிடலாம்.

குழந்தையின் பேச்சைக் கேட்பது என்பது முடிவெடுக்கும் பொறுப்பை அதன் தலையில் ஏற்றுவதல்ல. முடிவு பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால், அந்த முடிவைத் தாங்கப் போகும் உடல் குழந்தையுடையது. மருந்துச் சோதனைக்கு முன் குழந்தையைக் கேட்கச் சொல்லும் நாடு, சிகிச்சைக்கு முன்பும் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.