சிலேட்டைத் துடைத்த முழங்கை

படைப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு இது எதிர்வினை. கட்டுரையாளரின் வாதம் எளிமையானது. உயர்ந்த படைப்பு உழைப்பால் வருவதில்லை, ஒரு கணத்தில் இறங்குகிறது. இறங்க வேண்டியவருக்கு இறங்கும். மற்றவர் தலைகீழாக நின்றாலும் வராது. இதற்கு நான்கு பேரைச் சாட்சிக்கு அழைக்கிறார்: கனவில் சூத்திரம் கண்ட ராமானுஜன், தற்செயலாகப் பெனிசிலின் கண்ட ஃபிளெமிங், வாலைக் கவ்விய பாம்பைக் கனவில் கண்டு பென்சீனின் வடிவத்தைச் சொன்ன கெக்குலே, முழு இசையும் மனதில் ஒருசேர ஒலிக்கக் கேட்ட மொஸார்ட். பிறகு முடிவு சொல்கிறார்: கலைப் பயிற்சிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் கொட்டுகிற பணம் வீண்.

இந்த நால்வரில் ஒருவர்கூட அவர் பக்கம் சாட்சி சொல்லவில்லை. நால்வரின் வாழ்க்கையும் அவருக்கு எதிராகவே பேசுகிறது. கட்டுரையாளர் அந்த வாழ்க்கைகளிலிருந்து கடைசி நிமிடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகளை வீசி எறிந்திருக்கிறார்.

முதலில் நம் கும்பகோணத்துக்காரர். தன் கணிதத்தை நாமகிரித் தாயாரின் அருளாக ராமானுஜன் கருதினார் என்பது உண்மை. அந்தப் பக்தியை நான் கேள்வி கேட்கவில்லை. அது அவர் உள்ளத்துக்குரியது. ஆனால் அவருடைய கைகள் என்ன செய்தன என்பதைக் கட்டுரை மறைக்கிறது. பள்ளி நாட்களிலேயே லோனியின் திரிகோணமிதி நூலைக் கரைத்துக் குடித்தவர் அவர். 1903 வாக்கில், கார் என்ற ஆங்கிலேயப் பயிற்சி ஆசிரியர் தொகுத்த நூல் ஒன்று கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் இல்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பையன் அவற்றைத் தானே நிறுவிப் பார்க்க உட்கார்ந்தான். காகிதம் வாங்கக் காசு போதவில்லை. சிலேட்டில் போட்டான், முழங்கையால் துடைத்தான், மறுபடி போட்டான். முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினான். அந்த நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் நிற்கின்றன, நிரூபணங்கள் அநேகமாக இல்லை. அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் வானத்திலிருந்து விழுந்தது என்கிறார் கட்டுரையாளர். வழி சிலேட்டிலேயே அழிந்துபோனது என்பதற்காக, வழியே இல்லை என்று முடிவுகட்டுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் அவர் சொல்லாமல் விட்டார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி ஓர் உரிமைகோரல் இருந்தது. அது தவறு. ஏன் தவறியது என்பதற்கு ஹார்டி காரணம் சொன்னார்: சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டை ராமானுஜனுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அதாவது, உலகமே வியந்த அந்த மூளையும், கல்வி எட்டாத இடத்தில் சறுக்கியது. அதே மனிதர் கேம்பிரிட்ஜ் போய் ஹார்டியோடு சேர்ந்து உழைத்து, எண்களின் பிரிவினையைப் பற்றி 1918-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் கணிதத்தின் பெருஞ்சாதனைகளில் ஒன்று. 200 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதற்கு அவர்களுடைய சூத்திரம் கொடுத்த விடையைச் சரிபார்க்க, மக்மஹோன் என்ற கணிதர் அட்டவணை போட்டு, கையாலேயே கணக்கிட்டார்: 39,72,99,90,29,388. சூத்திரம் அந்த எண்ணைத் தொட்டு நின்றது. ஒருவரின் உள்ளுணர்வு, இன்னொருவரின் பகுப்பாய்வு, மூன்றாமவரின் சலிக்காத கூட்டல். படைப்பு இப்படித்தான் எழுந்து நின்றது.

ராமானுஜன் கல்லூரியில் தோற்றதைக் காட்டி, கல்வி எதற்கு என்று கேட்கிறது கட்டுரை. கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் உதவித்தொகை பறிபோனது. அந்த இளைஞர் வேலை தேடி அலைந்தார். அந்த ஆண்டுகளில், ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டவற்றைத் தனியே உட்கார்ந்து மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் அவை இருக்கிற புத்தகம் அவருக்குக் கிடைக்கவில்லை. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை ஒரு கணிதருக்கு உயிரான காலம், அதுதான் ராமானுஜனுக்குப் பாழானது என்று ஹார்டி வருந்தினார். அந்தப் பாழைப் போற்றி எழுதுகிறார் நம் கட்டுரையாளர். பட்டினியை விரதம் என்று புகழ்வது மாதிரி இருக்கிறது.

அவரைக் காப்பாற்றியவர்கள் யார்? இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர், மாதாமாதம் பணம் கொடுத்துத் தாங்கிய நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், சென்னைத் துறைமுகக் கழக அலுவலகத்தில் 1912-இல் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவரோடு கூட உட்கார்ந்து கணக்குப் போட்ட நாராயண ஐயர், மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த சென்னைப் பல்கலைக்கழகம். 1911-இல் அவருடைய முதல் கட்டுரை அந்தக் கணிதக் கழகத்தின் இதழில்தான் அச்சேறியது. கழகம், இதழ், நூலகம், உதவித்தொகை: கட்டுரையாளர் வீண் என்று தள்ளிய அத்தனையும் சேர்ந்துதான் ராமானுஜனை நம் கையில் கொடுத்தன.

அடுத்தது பெனிசிலின். "ஜன்னல் வழியே ஒரு பூஞ்சை வந்து விழுந்தது, மருந்து பிறந்தது" என்ற மட்டில் கட்டுரை அதை முடித்துவிடுகிறது. 1928 செப்டம்பரில், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில், விடுமுறை முடிந்து திரும்பிய ஃபிளெமிங் ஒரு தட்டில் பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியா அழிந்திருந்ததைப் பார்த்தார். பூசணம் பூத்த தட்டை எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ பேர் கழுவிக் கொட்டியிருப்பார்கள். அவர் ஏன் நின்று பார்த்தார்? முதல் உலகப் போரில் பிரான்சின் ராணுவ மருத்துவமனையில் புண் சீழ்பிடித்து வீரர்கள் சாவதைப் பார்த்தவர் அவர். கண்ணீரிலும் சளியிலும் இருந்து பாக்டீரியாவைக் கரைக்கிற லைசோசைம் என்ற பொருளைக் கண்டறிந்து 1922-இலேயே வெளியிட்டவர். அப்படிக் கரைகிற தட்டு எப்படி இருக்கும் என்று அவருடைய கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கம். தற்செயல் எல்லார் வீட்டு வாசலுக்கும் வருகிறது, அடையாளம் காண்கிற கண்ணைப் பயிற்சிதான் கொடுக்கிறது.

சரி, அன்றே மருந்து பிறந்ததா? இல்லை. 1929-இல் ஃபிளெமிங் கட்டுரை வெளியிட்டார். அந்தப் பொருளைப் பிரித்துத் தூய்மையாக எடுக்க அவருடைய கூடத்தில் முடியவில்லை. அது வந்த வேகத்தில் சிதைந்துபோனது. கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் அந்தக் "கணம்" ஓர் இதழின் பக்கங்களுக்குள் கிடந்தது. அதை நூலகத்திலிருந்து தேடி எடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியின் குழுவில் இருந்த செயின். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர். அவருக்குப் பக்கத்தில் ஹீட்லி என்ற உயிர்வேதியியலாளர். பூஞ்சைச் சாற்றின் அமிலத்தன்மையை மாற்றி, பெனிசிலினை நீரிலிருந்து கரைப்பானுக்கும் அங்கிருந்து மறுபடி நீருக்கும் கடத்திச் சிதையாமல் பிடிக்கும் வழியைக் கண்டவர் அவர்தான். போர்க்காலம், எதுவும் கிடைக்காது. பழைய பாட்டில்களையும் கண்ணாடிக் குழாய்களையும் கொண்டு கருவி கட்டினார். படுக்கை நோயாளிகள் மலம் கழிக்கும் தட்டுகளில் பூஞ்சை வளர்த்தார்கள். பிறகு அதே மாதிரியில் மண்பாண்டத் தொழிலாளர்களைக் கொண்டு கலங்கள் செய்வித்தார்கள். வேலைக்கு எடுக்கப்பட்ட ஆறு இளம்பெண்கள் அந்தக் கலங்களில் நாள் முழுவதும் வித்து ஊன்றிச் சாறு வடித்தார்கள்.

1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொல்லும் கிருமியைச் செலுத்தினார்கள். நான்குக்கு மட்டும் பெனிசிலின். இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தவர் ஹீட்லி. விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் செத்துக் கிடந்தன. ஜெர்மானியர் இங்கிலாந்துக்குள் இறங்கிவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமே என்று, பூஞ்சையின் வித்துகளைக் கோட்டின் உள்துணியில் தேய்த்து வைத்துக்கொண்டார்கள் அந்தக் குழுவினர். 1941 பிப்ரவரியில் முதன்முதலாக ஒரு காவலருக்குச் சிகிச்சை. அவர் எழுந்து உட்கார்ந்தார், பசிக்கிறது என்றார். மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினை மீட்டெடுத்து மறுபடி அவருக்கே செலுத்தினார்கள். போதவில்லை, மார்ச்சில் இறந்தார். இருந்தது அறிவு, இல்லாதது அளவு. அந்த அளவை எட்ட அமெரிக்காவின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் மக்காச்சோளம் ஊறவைத்த நீரில் பூஞ்சை வளர்க்கவும், அழுகிய முலாம்பழத்திலிருந்து அதிகம் சுரக்கும் வகையைப் பிரித்தெடுக்கவும் வேண்டியிருந்தது.

ஜன்னல் வழியே வந்து விழுந்த மருந்தா இது? 1945-இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் போனது. ஹீட்லியின் பெயர் இல்லை. 1990-இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவ மருத்துவ முனைவர் பட்டம் கொடுத்தது. கட்டுரையாளர் அந்தப் பட்டத்தையும் பறிக்கிறார். ஆறு பெண்களையும் குயவர்களையும் இன்னொரு முறை அழிக்கிறார். "ஒரு கணம்" என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய உழைப்பை நாம் திருடுகிறோம். வரலாற்றுப் பிழை என்று சொல்லி இதை மன்னிக்க முடியாது. இது அநீதி.

கெக்குலேவுக்கும் மொஸார்ட்டுக்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. கெக்குலே பென்சீன் வளையத்தை 1865-இல் வெளியிட்டார். பாம்புக் கனவைச் சொன்னது 1890-இல், தன்னைக் கொண்டாடிய விழாவில், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து. கார்பனுக்கு நான்கு பிணைப்புகள் என்பதை நிலைநாட்ட அவர் பாடுபட்டதெல்லாம் 1865-க்கு முன்பே. கனவு காண்போம், ஆனால் விழித்திருக்கும் அறிவால் சோதிக்காமல் வெளியிட வேண்டாம் என்ற பொருளில் அதே விழாவில் அவர் எச்சரித்தார். கட்டுரையாளர் பாம்பை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார். அந்த வளையம் தட்டையான அறுகோணம் என்று எக்ஸ்-கதிர் கொண்டு 1929-இல் காட்டியவர் காத்லீன் லான்ஸ்டேல். கனவுக்கும் நிரூபணத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைப்பு.

மொஸார்ட் எழுதியதாகக் கட்டுரை ஆதாரம் காட்டும் கடிதம் போலி. ரோக்லிட்ஸ் என்ற இதழாசிரியர் 1815-இல் வெளியிட்டது. மொஸார்ட் எழுதவில்லை என்பதை இசை வரலாற்றாளர்கள் எப்போதோ நிறுவிவிட்டார்கள். மொஸார்ட் உண்மையில் என்ன எழுதினார்? 1785-இல் இசையமைப்பாளர் ஹைடனுக்கு அர்ப்பணித்த ஆறு நால்வர் இசைகளை, நெடிய, கடினமான உழைப்பின் பலன் என்று தன் பெயரிட்டு அச்சிட்டார். அவருடைய தந்தை வயலின் கற்பிக்கும் நூலை வெளியிட்டது 1756-இல், மகன் பிறந்த அதே ஆண்டில். பயிற்சி இல்லாத மேதைக்கு உதாரணம் தேடியவர், ஐரோப்பாவின் தேர்ந்த இசையாசிரியர் ஒருவரின் வீட்டில் போய் நின்றிருக்கிறார்.

நம் மேடைகளிலும் இதே கதைதான். இளையராஜாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டுக் கைதட்டல் வாங்குகிறார்கள். சொல்லிக்கொடுத்தார்கள். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிய ஆண்டுகள், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற மேற்கத்திய இசை, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த காலம், இவையெல்லாம் 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு. அந்த ஆசிரியர்களின் பெயரைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது அவரையே சிறுமைப்படுத்துவது.

திடீரென்று விடை தோன்றும் கணம் இல்லையென்று நான் சொல்லவில்லை. உண்டு. பஸ்ஸில் ஏறக் காலை வைத்த அந்த நொடியில் தன் கணிதச் சிக்கலின் விடை தெரிந்ததைக் கணிதர் புவான்காரே தெளிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அதே இடத்தில் அவர் சொன்னதையும் படிக்க வேண்டும்: பலன் தராதவை போலத் தோன்றிய நாட்களின் உழைப்பு முன்னால் இல்லாவிட்டால் அந்த நொடி வராது, பின்னால் உட்கார்ந்து சரிபார்க்காவிட்டால் அது பயன்படாது. உழைப்பு முன்னாலும் உழைப்பு பின்னாலும் இருந்தால்தான் நடுவில் வெளிச்சத்துக்கு இடம். நடுவை மட்டும் விற்பவர் பொய்ப் பொருளை விற்கிறார்.

இந்தப் பொய்க்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள். முதல் கவிதை சரியாக வராத பெண், முதல் கணக்கு பிடிபடாத பையன், முதல் படம் கோணலாய்ப் போன மாணவர் ஆகியோரிடம் கட்டுரையாளர் சொல்வது ஒன்றுதான்: உனக்கு இறங்கவில்லை, எழுந்து போ. வீட்டில் புத்தகமும் பியானோவும் இருக்கிற பிள்ளை எழுந்து போகாது. அதற்கு இரண்டாவது, பத்தாவது முயற்சிக்கு வசதி இருக்கிறது. எழுந்து போகிறவர்கள் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். அருள் என்ற பெயரில் கட்டுரையாளர் பாதுகாப்பது வசதி உள்ளவர்களின் இடத்தைத்தான்.

ஆகவே அவருடைய முடிவைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஊர் நூலகத்துக்குப் புத்தகம் வேண்டும், பள்ளி ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டில்லாத கதவு வேண்டும், தவறிப் போன முயற்சிக்கு மதிப்பெண் குறைக்காத ஆசிரியர் வேண்டும், வேலை தேடி அலைகிற இளைஞருக்கு உதவித்தொகை வேண்டும். இவற்றை வீண் செலவு என்று எழுதுகிறவர், அடுத்த ராமானுஜனுக்குக் காகிதம் கொடுக்க மறுக்கிறவர். அவருக்கு நம் இதழ்களில் பதில் சொல்லப்பட வேண்டும், ஒவ்வொரு முறையும், பெயர்களோடும் ஆண்டுகளோடும்.