பி.எஸ்ஸி. என்னும் வழிமறிப்பு

மண்ணூர்பேட்டையில் கம்பெனிக் கூலியின் பிள்ளை டாக்டராகணும் என்று வாய் திறந்தால் போதும், ஆளாளுக்கு வழி சொல்கிறார்கள்: "நீட்டுல வரலியா? விடும்மா, பி.எஸ்ஸி. விலங்கியல் சேரு. அப்படியே மெடிக்கலுக்குப் போயிடலாம்." இது வழியல்ல, வழிமறிப்பு.

அமெரிக்காவில் பெரும்பாலும் பட்டம் முடித்தவரே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார். அங்கே அது படிக்கட்டு. இங்கே பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வாங்கினாலும் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் ஒரு மார்க் கூடாது. மூன்று வருடம் கழித்து, மறந்துபோன பிளஸ் டூ பாடத்தில் அதே நீட்டைத்தான் எழுத வேண்டும்.

காத்திருந்து ஜெயிப்பவன் யார்? 2021-இல் ஏ.கே.ராஜன் குழு கணக்குச் சொன்னது. இடம் பிடித்தவர்களில் பழைய மாணவர்கள் நீட்டுக்கு முந்தைய 2016-17-இல் நூற்றுக்கு 12 பேர். 2020-21-இல் 71 பேர். வருடக்கணக்கில் கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டில் அதற்குப் பேர் 'ரிப்பீட்'. நம் வீட்டில் தண்டச்சோறு. குழுமூர் அனிதா 1200-க்கு 1176 வாங்கியவள். 2017-இல் அந்த மார்க்கைச் செல்லாக்காசாக்கியதைத்தான் தகுதி என்கிறார்கள். 2020-இல் வந்த 7.5 விழுக்காடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது, உண்மை. அதற்கும் நீட்டில் தேறியாக வேண்டும்.

தோழர்களே, விலங்கியல் பிடித்தால் விலங்கியலுக்காகவே படிக்கச் சொல்லுங்கள். டாக்டர் ஆசைக்கு அதைத் தூண்டில் புழுவாக்காதீர்கள். சண்டை நீட்டோடு. பெரியாஸ்பத்திரியில் பெருக்கவும் பிணவறையில் நிற்கவும் நம் ஆட்களை எந்தப் பரீட்சையும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டெதாஸ்கோப்பைத் தொடப்போனால் மட்டும் தகுதி பேசுகிறார்கள்.