பெரிய கோவில் நிழல் விழுமா, விழாதா? 'ஆதாரம் எங்கே?' என்று மாணவர்களை மடக்கும் விக்கிபீடியா!

தஞ்சை, பெரிய கோவில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அதையே உண்மை என்று தமிழ் விக்கிபீடியாவில் எழுதினால் நிலைக்காது. "ஆதாரம் எங்கே?" என்று கேள்வி வரும். சாயங்காலம் கோவிலுக்குப் போனால், நிழல் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்!

யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதுதான் விக்கிபீடியா. தமிழில் 2003-ல் தொடங்கிய இந்த இலவசக் கலைக்களஞ்சியம், 2017-ல் 1 லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்கு விக்கிபீடியா கட்டுரைப் போட்டி நடத்தியது.

முதலில் மணலில்!

புதிதாக வரும் மாணவர் 'மணல்தொட்டி' என்ற பக்கத்தில் எழுதிப் பழகலாம். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் ஆனா, ஆவன்னா எழுத வைத்த மாதிரிதான். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அப்படியே பதிவாகிவிடும். தப்புப் பண்ணினால் பழையபடி திருப்பிவிடலாம். தகராறு வந்தால் அதற்கென்று உள்ள பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டும்.

கண்டிஷன் மூன்று. புத்தகத்தைப் பார்த்து காப்பி அடிக்கக் கூடாது. ஒரு பக்கம் சாய்ந்து எழுதக் கூடாது. சொந்தச் சரக்கு கூடாது. நம்பகமான வெளியீட்டில் வந்ததைத்தான் எழுத வேண்டும்.

தாத்தா சொன்னது செல்லாது!

சிக்கல் இங்கேதான். மாப்பிள்ளைச் சம்பா எந்த வயலுக்கு ஒத்துவரும், எந்த ரகம் வெள்ளத்தைத் தாங்கும் என்பதெல்லாம் டெல்டாப் பெரியவர்களுக்கு அத்துப்படி. ஆனால் "எங்க தாத்தா சொன்னாரு" என்பது அங்கே ஆதாரம் ஆகாது.

170-க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட 'நெல்' ஜெயராமன் 2018-ல் காலமானார். அவர் பணி பத்திரிகைகளில் வந்திருப்பதால் அவரைப் பற்றி எழுத முடிகிறது. பேரே அச்சில் வராத விவசாயிகளின் அறிவு? வாசலோடு நிற்கிறது.

அதற்காக விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும்? நிழல் விழாத கதையும் கூடவே உள்ளே வந்துவிடும். விதி மேல் தப்பில்லை. அச்சேற்றாமல் விட்டதுதான் தப்பு.

யார் செய்வது?

தஞ்சைக்கு இது புதிதல்ல. 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியற் களஞ்சியம், அறிவியல் களஞ்சியம் என்று பல தொகுதிகளை வெளியிட்டது. சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகள் குவிந்து கிடக்கின்றன. கோவில் சுவர்களில் கல்வெட்டுகள். ராஜாக்கள் காலத்து விஷயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இன்றைக்கு வயலில் நிற்கும் மனிதனின் அனுபவத்துக்குத்தான் இல்லை.

கல்லூரிகள் மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பி, பெரியவர்கள் சொல்வதைக் குறித்து, விஷயம் தெரிந்தவர்களை வைத்துச் சரிபார்த்து, புத்தகமாகப் போடலாம். அதன்பிறகு விக்கிபீடியாவும் கதவைத் திறக்கும்.

இன்று செல்போனில் கேட்டதும் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக்கும் விக்கிபீடியா ஒரு பாடப்புத்தகம். டெல்டாவைப் பற்றி அது எதைப் படிக்கப் போகிறது? நெல்லைப் பற்றியா, நிழலைப் பற்றியா? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு!